மெல்ல மலரும் எழுத்து!
350 ஆண்டு விளக்கு வித்தை கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

திரையில் எழுத்து மெல்ல மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா?

முதலில் வெறும் வெள்ளைத் திரை. பிறகு ஒரு நிழல். நிழல் கறுக்கிறது. கண் சிமிட்டி முடிப்பதற்குள் அது எழுத்தாகி நிற்கிறது!

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாடம் நடத்தும்போது இதைக் காணலாம். ஆபீசில் மானேஜர் வரவு செலவை விளக்கும்போது காணலாம். கல்யாண மண்டபத்தில் மணமக்களின் சின்ன வயதுப் படங்களைக் காட்டும்போதும் காணலாம்.

ஒரு படம் மங்குகிறது. அது மறைவதற்கு முன்பே அடுத்த படம் மலர்கிறது.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் "ஃபேடு" என்று பெயர். இல்லாத ஒன்று சிறிது சிறிதாகத் தோன்றினால் அது மலர்தல். இருக்கும் ஒன்று சிறிது சிறிதாக மறைந்தால் அது மங்குதல்.

இதைச் செய்து தருவது "பவர்பாயிண்ட்" போன்ற கம்ப்யூட்டர் புரோகிராம்கள். பேசுகிறவர் தம் பேச்சைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் திரையில் காட்டுவார். அந்தப் பக்கத்துக்கு "சிலைடு" என்று பெயர்.

"சிலைடு" என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய சொல் அல்ல. பழைய சினிமாக் கொட்டகைகளில், படம் தொடங்கும் முன் விளம்பர சிலைடு போடுவார்களே, அதே சொல்தான்!

மலர்வதும் மங்குவதும் அழகுக்காகச் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அழகு உண்டு. ஆனால், அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு.

பார்ப்பவரின் கண்ணைக் கைப்பிடித்து, "இங்கே பாருங்கள்" என்று அழைத்துப் போவதே அந்த வேலை!

விளக்குப் பெட்டி

இந்த வித்தை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. மின்சார விளக்குக்கும் முந்தியது.

ஹாலந்து நாட்டில் கிறிஸ்டியான் ஹைஜன்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். சனிக் கிரகத்தைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று விளக்கிச் சொன்னவர் அவர்தான்.

1659-ம் ஆண்டில் அவர் சில சிறு படங்களை வரைந்தார். ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றி எடுப்பது போன்ற படங்கள்! அவை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டுவதற்காக வரையப்பட்டவை.

பெட்டிக்குள் ஒரு விளக்கு. அதன் முன்னால் கண்ணாடியில் எழுதிய படம். அதற்கும் முன்னால் ஒரு பூதக் கண்ணாடி. சுவரில் பெரிதாக விழும் படம்!

"மாய விளக்கு" என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பாரிசில் பேய்

1798-ம் ஆண்டில் பாரிஸ் நகரம் நடுங்கியது.

ராபர்ட்சன் என்பவர் அங்கே ஒரு காட்சி நடத்தினார். மறு ஆண்டில் அவர் அதைப் பழைய துறவி மடம் ஒன்றுக்கு மாற்றினார். இருண்ட கூடம். திடீர் என்று இருளில் ஒரு சிறு உருவம் தோன்றும். அது வளரும். கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வரும். பிறகு மங்கி மறைந்துவிடும்.

பலர் அலறினார்கள்.

மர்மம் இதுதான்: திரைக்குப் பின்னால் சக்கரம் வைத்த விளக்குப் பெட்டி! பெட்டியைப் பின்னால் இழுத்தால் உருவம் பெரிதாகும். பெட்டியின் மூடியைச் சிறிது சிறிதாக மூடினால் உருவம் மங்கும்.

பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்!

கரையும் காட்சி

அடுத்த வித்தை லண்டனில் நடந்தது.

1830-களில் அங்கே "கரையும் காட்சிகள்" என்ற புதுமை பெரும் புகழ் பெற்றது. அதை உருவாக்கியவர் என்று ஹென்றி லாங்டன் சைல்டு என்பவரின் பெயரைச் சொல்வார்கள்.

ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி. இரண்டும் திரையில் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருக்கும்.

முதல் பெட்டியில் கோடைக் காலக் காட்சி. ஓர் ஓடை. ஓரத்தில் ஒரு மாவு ஆலை. பச்சைப் பசேல் என்று மரங்கள்.

இரண்டாவது பெட்டியில் அதே ஓடை, அதே ஆலை, அதே மரங்கள். ஆனால் எங்கும் வெண்பனி!

முதல் விளக்கை மெல்லக் குறைப்பார்கள். அதே நேரத்தில் இரண்டாவது விளக்கை மெல்லக் கூட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடை கரையும், குளிர்காலம் வந்துவிடும்!

கூட்டம் வாய் பிளந்து நின்றது.

விளக்கைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு குழாய்த் திருகு இருந்தது. அக்காலத்தில் அது வாயு விளக்கு. சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சினால் கண் கூசும் வெளிச்சம் வரும். திருகை ஒரு பக்கம் திருப்பினால் வாயு இந்த விளக்குக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் அந்த விளக்குக்குப் போகும்.

ஒன்று இழப்பதை மற்றொன்று பெறும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் செய்வதும் இதையேதான்!

சினிமா பிடித்துக்கொண்டது

சினிமா வந்ததும் இந்த வித்தையை அது விடவில்லை.

பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மெலியே முதலில் மேடையில் மாயாஜாலம் செய்தவர். பிறகு படம் எடுக்க வந்தார். 1899-ம் ஆண்டில் "சிண்டரெல்லா" கதையைப் படமாக்கினார். அதில் ஒரு காட்சி கரைந்து மறு காட்சியாக மாறுவதை மக்கள் பார்த்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள்? காமிராவுக்குள் ஒளி போகும் துவாரத்தை மெல்ல மூடுவார்கள். காட்சி இருண்டு போகும். பிலிமைக் கொஞ்சம் பின்னால் சுற்றுவார்கள். அதே பிலிமில் அடுத்த காட்சியை, துவாரத்தை மெல்லத் திறந்தபடி எடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, இரண்டும் கலந்துவிடும்.

நாளடைவில் இது சினிமாவின் மொழியாகவே ஆகிவிட்டது. காட்சி இருண்டு மீண்டும் வெளிச்சம் வந்தால், "நாள் கழிந்துவிட்டது" என்று பொருள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை மங்கி, அந்த இடத்தில் வாலிபன் நின்றால், "இருபது ஆண்டு போய்விட்டது" என்று பொருள்.

இதை யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் அது புரிந்தது!

தாளை இழுக்கும் ஆசிரியர்

சினிமாவுக்கு வெளியே, வகுப்புகளிலும் கூட்டங்களிலும் வேறு கருவிகள் வந்தன.

1961-ம் ஆண்டில் கோடக் கம்பெனி "கரோசல்" என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தலையில் வட்டத் தட்டு. அதில் 80 சிலைடுகள். பட்டனை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம். அடுத்த படம் விழும்.

இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் விளக்கைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டினார்கள். லண்டன் வித்தை மீண்டும் வந்துவிட்டது!

இன்னொரு கருவியும் உண்டு. தெளிந்த பிளாஸ்டிக் தாளில் எழுதி, விளக்குப் பலகையின் மேல் வைத்தால், எழுத்து சுவரில் தெரியும்.

அதில் ஆசிரியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எழுத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடினார்கள். முதல் வரியைப் பேசும்போது தாளைக் கொஞ்சம் கீழே இழுத்தார்கள். அடுத்த வரிக்கு இன்னும் கொஞ்சம்.

ஏன் அப்படி? எல்லா வரியும் தெரிந்தால் மாணவர்கள் முன்னே ஓடிவிடுவார்கள்! ஆசிரியர் முதல் வரியில் நிற்பார். பையன்கள் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

அந்த வெள்ளைத் தாள் செய்த வேலையைத்தான் இன்று "ஃபேடு" செய்கிறது.

பவர்பாயிண்ட் பிறந்தது

1984-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சிறு கம்பெனி இருந்தது. பெயர் "ஃபோர்தாட்". அதில் வேலைக்குச் சேர்ந்த ராபர்ட் காஸ்கின்ஸ் ஒரு யோசனை சொன்னார்.

"கூட்டத்தில் பேசுகிறவர்கள் தங்கள் சிலைடுகளைத் தாங்களே கம்ப்யூட்டரில் தயாரிக்க வேண்டும்" என்பதே அந்த யோசனை.

டென்னிஸ் ஆஸ்டின் என்ற பொறியாளர் அதை உருவாக்கும் வேலையில் இறங்கினார். டாம் ரட்கின் துணைக்கு வந்தார். முதலில் வைத்த பெயர் "பிரசென்டர்". பிறகு அது "பவர்பாயிண்ட்" ஆயிற்று.

1987-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது வெளிவந்தது. ஆப்பிள் கம்பெனியின் மக்கின்டோஷ் கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்தது. வண்ணம் கிடையாது. அசைவும் கிடையாது. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான்.

அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி அந்தச் சிறு கம்பெனியை விலைக்கு வாங்கியது. விலை 1 கோடியே 40 லட்சம் டாலர்!

1990-ல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் அது வந்தது. 1992-ல் வந்த மூன்றாம் பதிப்பில், கம்ப்யூட்டரில் இருந்தே நேராகத் திரையில் காட்டும் வசதி சேர்ந்தது. படம் கரைந்து மாறும் வித்தையும் கூடவே வந்தது. மாய விளக்கு கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது!

காப்பியும் கணக்கும்

கம்ப்யூட்டருக்குள் விளக்குத் திருகு இல்லை. மூடியும் இல்லை. அங்கே மலர்வது எப்படி?

எல்லாம் கணக்கு!

கம்ப்யூட்டர் திரை என்பது புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். சாதாரணமாகப் புழங்கும் ஒரு திரையில் குறுக்கே 1,920 புள்ளி. நெடுக்கே 1,080 வரிசை. பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. 0 என்றால் கறுப்பு. 255 என்றால் வெள்ளை. நடுவில் உள்ள எண்கள் சாம்பல் நிறங்கள். வண்ணப் படமாக இருந்தால் சிவப்புக்கு ஓர் எண், பச்சைக்கு ஓர் எண், நீலத்துக்கு ஓர் எண்.

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து மலர வேண்டும். எழுத்து விழும் இடத்தில் உள்ள ஒரு புள்ளியை மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் அதன் எண் 255. கால் பங்கு நேரம் போனதும் 191. பாதி நேரத்தில் 128. முக்கால் பங்கு போனதும் 64. முடிவில் 0. எழுத்து வந்துவிட்டது!

இதைக் காப்பி கலப்பதோடு ஒப்பிடலாம். வெள்ளைத் திரை பால். கறுப்பு எழுத்து டிகாக்ஷன். டம்ளர் ஒன்றுதான், அளவு மாறக் கூடாது. டிகாக்ஷன் கால் டம்ளர் என்றால் பால் முக்கால். டிகாக்ஷன் அரை என்றால் பாலும் அரை.

ஒன்று இழப்பதை மற்றொன்று பெறுகிறது. லண்டன் விளக்குத் திருகின் அதே கணக்கு!

சாதாரணத் திரை ஒரு விநாடியில் 60 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எழுத்து ஒரு விநாடியில் மலர்ந்தால், கம்ப்யூட்டர் 60 படிகளில் அந்தக் கலவையை மாற்றலாம். படி தெரியாது. ஏதோ பூ மலர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

"எவ்வளவு பங்கு" என்று சொல்லும் அந்த அளவுக்குக் கிரேக்க மொழியின் முதல் எழுத்தான "ஆல்ஃபா" என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆல்வி ரே ஸ்மித், எட் காட்முல் என்ற இருவர் அந்தப் பெயரை வைத்தார்கள். படங்களை ஒன்றின் மேல் ஒன்று கலப்பதற்கான முழு விதிகளை 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் எழுதினார்கள்.

பிற்பாடு அந்த நால்வருக்கும் ஆஸ்கார் விருது வழங்கும் சபையே தொழில்நுட்பப் பரிசு தந்தது. சினிமாவில் இருந்து கடன் வாங்கிய வித்தையைக் கம்ப்யூட்டர் சினிமாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது!

கட்டைவிரல் நகம்

இனி, கண்ணின் கதைக்கு வருவோம்.

கையை நேராக நீட்டுங்கள். கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் நகத்தைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிவது, ஏறக்குறைய அந்த நகத்தின் அளவு இடம்தான்! மற்றவை எல்லாம் கொஞ்சம் மங்கல்.

நம்ப முடியவில்லையா? இந்தப் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், நாலு விரற்கடை தள்ளி இருக்கும் சொல்லைப் படிக்கப் பாருங்கள். முடியாது!

ஆகவே, கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவுவது? அதற்கு வழிகாட்டுவது மாற்றம்.

புதரில் ஓர் இலை அசைந்தால் கண் அங்கே திரும்பும். சுவரில் பல்லி நகர்ந்தால் அங்கே திரும்பும். நீங்கள் வேண்டாம் என்றாலும் திரும்பும். திரையில் புதிதாக ஒன்று தோன்றினாலும் அப்படியே.

எனவே, பேசுகிறவர் ஒரு வரியைச் சொல்லும் அதே நேரத்தில் அந்த வரி மலர்ந்தால், காதும் கண்ணும் ஒரே இடத்தில் சேரும். கேட்டது மனதில் நிற்கும்.

"அப்படியானால் எழுத்தைத் திடீர் என்று போட்டால் என்ன?" என்று கேட்கலாம். போடலாம். ஆனால், கண் சற்றுத் திடுக்கிடும். படபடவென்று பறந்து வந்து விழுந்தால், எழுத்தை விட்டு அதன் ஓட்டத்தைக் கண் பார்க்கும். மெல்ல மலர்வது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. அழைக்கும், அதட்டாது.

"அப்படியானால் மிக மிக மெதுவாக மலரட்டுமே?" கூடாது! அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது.

2000-ம் ஆண்டில் டேனியல் சைமன்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு படத்தில் ஒரு பொருளை மிக மெதுவாக மறையச் செய்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவில்லை!

மாற்றம் மிக மெதுவாக நடந்தால் கண் ஏமாந்துவிடும். அரை விநாடியில் இருந்து ஒரு விநாடி வரை என்பது நல்ல அளவு.

செய்வது எப்படி?

பவர்பாயிண்டில் இதைச் செய்வது எளிது. பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

1. எது மலர வேண்டுமோ, அந்த எழுத்தை அல்லது படத்தை மவுசால் ஒரு தடவை தட்டுங்கள். அதைச் சுற்றி ஒரு கட்டம் தோன்றும்.

2. மேலே "அனிமேஷன்ஸ்" என்ற சொல் இருக்கும். அதைத் தட்டுங்கள். வரிசையாக நட்சத்திரங்கள் தெரியும். பச்சை நட்சத்திரம் உள்ளே வருவதற்கு. சிவப்பு நட்சத்திரம் வெளியே போவதற்கு.

3. பச்சையில் "ஃபேடு" என்பதைத் தட்டுங்கள். எழுத்து ஒரு தடவை மலர்ந்து காட்டும்.

4. "ஸ்டார்ட்" என்ற இடத்தில் மூன்று வழி உண்டு. "ஆன் கிளிக்" என்றால் நீங்கள் பட்டனைத் தட்டும்போது மலரும். "வித் பிரீவியஸ்" என்றால் முன்னதோடு சேர்ந்து மலரும். "ஆஃப்டர் பிரீவியஸ்" என்றால் முன்னது முடிந்ததும் தானாக மலரும். பேசும்போது "ஆன் கிளிக்" நல்லது. குதிரையின் கடிவாளம் உங்கள் கையில் இருக்கும்!

5. "டூரேஷன்" என்பது எவ்வளவு நேரம் என்பது. 00.50 என்று இருந்தால் அரை விநாடி. தொடங்குவதற்குமுன் சற்றுக் காத்திருக்க வேண்டுமானால் "டிலே" என்ற இடத்தில் நேரத்தைப் போடுங்கள்.

6. பல வரிகள் இருந்தால், "எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்" என்பதைத் தட்டி "பை பாராகிராஃப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பத்தி மலரும். பழைய ஆசிரியரின் வெள்ளைத் தாள் இதுதான்!

எழுத்து மட்டும் அல்லாமல் முழுப் பக்கமும் கரைந்து மாற வேண்டுமா? "டிரான்சிஷன்ஸ்" என்ற இடத்திலும் "ஃபேடு" உண்டு. அதைத் தட்டினால் போதும்.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. "லிபர் ஆபீஸ் இம்பிரெஸ்" என்ற புரோகிராம் இலவசம். "கூகுள் சிலைட்ஸ்" இன்டர்நெட்டில் காசு இல்லாமல் கிடைக்கிறது. இரண்டிலும் இந்த வித்தை உண்டு.

ஏழு உயிர்

"சிலைடில் எது கண்ணில் படுகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா?"

2003-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு ஜனவரி 16-ந் தேதி "கொலம்பியா" விண்வெளி ஓடம் அமெரிக்காவில் இருந்து கிளம்பியது. உள்ளே 7 பேர். அவர்களில் ஒருவர் இந்தியாவில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா.

கிளம்பிய சற்று நேரத்தில், எரிபொருள் தொட்டியில் ஒட்டியிருந்த நுரைப் பொருளில் ஒரு துண்டு பிய்ந்து, இடது இறக்கையில் மோதியது.

"ஆபத்து உண்டா?" என்று பூமியில் பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். முடிவைச் சிலைடுகளாக மேலதிகாரிகளுக்குக் காட்டினார்கள்.

ஒரு சிலைடில் தலைப்பு ஆறுதலாக இருந்தது. கீழே வரிகள், அவற்றுக்குக் கீழே கிளை வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் ஒரு விவரம் இருந்தது.

சோதனைகளில் பயன்படுத்திய நுரைத் துண்டின் கன அளவு 3 கன அங்குலம். ஓடத்தில் மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என்று கணக்கிடப்பட்டது!

640 மடங்கு! அந்தச் சோதனையை வைத்துத் தைரியம் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். ஆனால், அந்த விவரம் அடியில் புதைந்து கிடந்தது.

பிப்ரவரி 1-ந் தேதி, திரும்பி வரும் வழியில் கொலம்பியா வானத்திலேயே சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு சிலைடு மட்டும் காரணம் அல்ல. ஆனால், எட்வர்டு டஃப்டி என்ற அறிஞர் அந்தச் சிலைடை அலசி, அதன் குறைகளை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை அவர் சொன்னதை எடுத்துக்கொண்டது. அந்தச் சிலைடைப் படிக்கும் அதிகாரிக்கு அது உயிராபத்தைப் பற்றியது என்றே தெரியாமல் போகலாம் என்று அறிக்கை சொன்னது.

"ஃபேடு" போட்டிருந்தால் 7 பேரும் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்ல முடியாது. முக்கியமானது எது என்று எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் அதைக் கண்ணுக்கு முன் கொண்டு வரும் வித்தை. வித்தை யோசனைக்கு ஈடாகாது!

அளவுக்கு மீறினால்

பாயசத்துக்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரையே பாயசம் ஆகாது.

2009-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே பாடத்தை இரண்டு மாணவர் கூட்டத்துக்குக் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்கு விவரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி வந்தன. மற்றக் கூட்டத்துக்கு எல்லாம் முதலிலேயே அசையாமல் நின்றன.

பிறகு பரீட்சை வைத்தார்கள். அசையாத சிலைடைப் பார்த்தவர்களே நன்றாக எழுதினார்கள்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு படம், அதன் பாகங்கள், ஓர் அட்டவணை ஆகியவற்றை முழுதாக, நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றைத் துண்டு துண்டாகக் காட்டினால், கடைசித் துண்டைப் பார்க்க நேரம் போதாது. முழு உருவமும் மனதில் பதியாது.

படிப்படியாக நடக்கும் கதை, கேள்விக்குப் பின் வரும் விடை, ஒரு படி முடிந்தபின் வரும் அடுத்த படி ஆகியவற்றுக்கு மலர்தல் பொருந்தும். "4-ஐ 6-ஆல் பெருக்கினால்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசித்தபின் 24 மலர்ந்தால் அழகு. விடை முதலிலேயே தெரிந்தால் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள்!

இன்னும் சில எச்சரிக்கைகள்:

மலர்ந்துகொண்டிருக்கும் எழுத்து சாம்பல் நிறம். பார்வை குறைந்தவர்களால் அதைப் படிக்க முடியாது. அதனால் நேரத்தை நீட்டாதீர்கள்.

பேசி முடித்த வரியை அழிக்க வேண்டாம். அதைச் சாம்பல் நிறமாக்கி விடுங்கள். பவர்பாயிண்டிலேயே அதற்கு வழி உண்டு. பிந்தி வந்தவரும் பழைய வரியைப் படித்துக்கொள்ளலாம்.

ஒரே இடத்தில் ஒரு படம் மங்கி மற்றொரு படம் மலர்கிறதா? அச்சடிக்கும்போது கவனம்! தாளில் மலர்தலும் இல்லை, மங்குதலும் இல்லை. இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். அச்சுக்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலை சுற்றியவர்கள்

அசைவு சிலருக்கு வேடிக்கை அல்ல, வேதனை.

2013-ம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோனுக்குப் புதிய அமைப்பு ஒன்றை வெளியிட்டது. ஒரு படத்தைத் தொட்டால் திரை முழுவதும் முன்னால் பாய்ந்து வருவதுபோல் தோன்றும். பலருக்குத் தலை சுற்றியது. குமட்டல் வந்தது என்று புகார் செய்தார்கள்.

காதுக்குள்ளே உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு இருக்கிறது. உடம்பு அசையவில்லை என்று அது சொல்லும். கண்ணோ, அசைவதாகச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால், பஸ்ஸில் வாந்தி வருவதுபோல் வரும்.

அடுத்த மாதமே கம்பெனி ஒரு மாற்று வழி கொடுத்தது. அசைவு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பாய்ச்சலுக்குப் பதிலாக ஒரு திரை மங்கும், மற்றொன்று மலரும்.

ஆயிரம் வித்தை இருந்தும், உடம்புக்கு ஒத்துக்கொள்வது எது என்று தேடியபோது, கடைசியில் கிடைத்தது பழைய லண்டன் வித்தைதான்!

மறந்துபோக வேண்டிய வித்தை

எலும்புக்கூட்டுப் படம் வரைந்த ஹைஜன்ஸ் முதல், கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டவர்கள் வரை எத்தனையோ பேர் இந்த வித்தைக்கு உழைத்திருக்கிறார்கள். விளக்கு மாறியது. கண்ணாடி போனது. பிலிம் வந்து போனது. மனிதக் கண் மட்டும் மாறவில்லை.

நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்காகச் சிலைடு தயாரிக்க உட்காரலாம். எழுத்துகளைப் பறக்கவிட்டு, சுழலவிட்டு, குதிக்கவிட்டு மகிழலாம். அப்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

"இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வேண்டிய ஒரே விஷயம் எது?"

பிள்ளை விரலை வைத்துக் காட்டட்டும். அது மட்டும் மெல்ல மலரட்டும்!

நல்ல மலர்தலை யாரும் பாராட்ட மாட்டார்கள். "எழுத்து எவ்வளவு அழகாக வந்தது" என்று சொல்ல மாட்டார்கள். "சொன்னது நன்றாகப் புரிந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

அதுவே அந்த வித்தையின் வெற்றி!